நெட்டச்சி செத்த தேதி

அந்த விலங்குக் காட்சிசாலையில் சின்னவர் பெரியவர் எல்லோருக்கும் அவர் "கம்ப்யூட்டர் அக்கா". கம்ப்யூட்டர் படித்துவிட்டு வந்தவர் என்று நினைத்துவிடாதீர்கள். இருபத்தொன்பது வருடங்களுக்கு முன்னால் தட்டச்சராகச் சேர்ந்தவர். அலுவலகத்துக்கு முதல் கணினி வந்து இறங்கிய அன்று, அதைச் செருக வேண்டிய பிளக் பாயின்ட் அவர் மேஜைக்குப் பக்கத்துச் சுவரில் இருந்தது. தகுதி அவ்வளவுதான். அன்றிலிருந்து மின்சாரத்தில் ஓடுகிற எல்லாச் சனியனும் அவர் தலையில் விடிந்தது. மின்னஞ்சல், மின்விசிறி ("அதுவும் கரண்ட்டுதானே அக்கா"), கடைசியில் வலைத்தளம்.

வலைத்தளத்தில் "வருகையாளர் குறிப்பேடு" என்று ஒரு பக்கம் உண்டு. வெளியேறும் வாசலில் கண்ணாடிப் பெட்டிக்குள் ஒரு கணினி இருக்கும். விலங்குகளைப் பார்த்துவிட்டுத் திரும்புகிறவர்கள் போகிற போக்கில் நாலு வரி தட்டினால், அன்றைய தேதியோடு அது அந்தப் பக்கத்தில் ஏறிவிடும். "கரடி எங்களைக் கண்டுகொள்ளவே இல்லை." "கழிப்பறையில் தண்ணீர் இல்லை, நீர்யானைக்கு மட்டும் இருக்கிறது." "நெட்டச்சி என் தொப்பியைத் தின்றுவிட்டாள், நன்றி." இப்படிப் பன்னிரண்டு வருடத்தில் நாலாயிரத்து இருநூற்றுச் சொச்சம் குறிப்புகள். அக்கா ஒன்று விடாமல் படிப்பார். வேறு யாரும் படித்ததாகத் தகவல் இல்லை.

நெட்டச்சி என்பது அங்கிருந்த ஒரே ஒட்டகச்சிவிங்கி. அவளுக்கு அந்தப் பெயரை வைத்தவர் அவளைக் குட்டியிலிருந்து பார்த்துக்கொண்ட காப்பாளர். அந்தக் காப்பாளர் அக்காவுக்குச் சம்பந்தி. அக்காவின் மகள் அம்மாவுக்குச் சாப்பாட்டு டப்பா கொண்டுவர, அவருடைய மகன் அப்பாவுக்குச் சாப்பாட்டு டப்பா கொண்டுவர, இரண்டு டப்பாவும் பறவைக் கூண்டருகே சந்தித்துக்கொண்டதில் முடிந்த கல்யாணம் அது. பிள்ளைகள் நன்றாகத்தான் இருக்கிறார்கள். சம்பந்திகளுக்குத்தான் ஆகாது. ஒருநாள் மகள் வீட்டில் எல்லோரும் சாப்பிட உட்கார்ந்தபோது, "குளுகுளு ரூம்ல உக்காந்து தட்டறதெல்லாம் ஒரு வேலையா?" என்று அவர் சும்மா இல்லாமல் கேட்டுவைத்தார். "சாணி அள்றதுக்கு எவ்வளவோ மேல்" என்று அக்கா பதிலுக்குப் போட்டார். அதோடு சரி. ஆறு வருடமாக எதிரெதிரே பார்த்தால் "நல்லாருக்கீங்களா" என்று பல்லைக் கடித்துக்கொண்டு விசாரிப்பதோடு உறவு நின்றுவிடும்.

போன வருடம் மார்ச் இருபதாம் தேதி நெட்டச்சி செத்துப்போனாள். வயசாகிவிட்டது, ஒரு வாரம் தீனி எடுக்கவில்லை, போய்விட்டாள். கால்நடை மருத்துவர் சான்று எழுதினார். பின்பக்க வேலியோரம் பெரிய குழியாகத் தோண்டிப் புதைத்தார்கள். கூண்டில் "இறந்துவிட்டது" என்று பலகை மாட்டினார்கள். எல்லாம் முறைப்படிதான் நடந்தது.

வினை இந்த வருடம் ஜனவரியில் வந்தது. புதிதாக வந்த இயக்குநர், பழைய வலைத்தளம் பழையதாக இருக்கிறது என்று கண்டுபிடித்தார். உடனே புதுத் தளம், புதுக் கணினி, தொடக்க விழா, ரிப்பன். பழைய குறிப்பேட்டைப் புதுத் தளத்துக்கு மாற்றுகிற வேலை வழக்கம்போல் அக்காவுக்கு. புதுத் தளத்தைச் செய்துகொடுத்த நிறுவனத்தார் ஒரு பொத்தானைக் காட்டி, "இதை அமுக்குனா போதும் மேடம், எல்லாம் தானா மாறிக்கும்" என்று சொல்லிவிட்டுக் கிளம்பிப் போனார்கள். அக்கா அமுக்கினார். அது பாதி வழியில் நின்று ஒரு கேள்வி கேட்டது: தேதியில் முதலில் வருவது நாளா, மாதமா? மதியம் ஒன்றரை மணி. அக்காவின் ஒரு கையில் டப்பா மூடி, மறு கையில் மவுஸ். ஏற்கெனவே டிக் அடித்திருந்ததையே ஆமோதித்துவிட்டுச் சாப்பிடப் போனார். டிக் அடித்திருந்தது "மாதம்".

குறிப்பேட்டில் நாள்தான் முதலில் இருந்தது. அதனால் மார்ச் பத்தாம் தேதி, அக்டோபர் மூன்றாம் தேதி ஆகிவிட்டது. மார்ச் பதினொன்று, நவம்பர் மூன்று ஆனது. பன்னிரண்டுக்கு மேலே போன தேதிகளுக்கு மாதம் கிடைக்காமல் புதுத் தளம் திருதிருவென்று விழித்து, அத்தனையையும் இடம் மாற்றிய நாளான ஜனவரி ஆறு என்று போட்டுவிட்டது.

மறுநாள் காலையில்தான் அக்கா அதைப் பார்த்தார். இயக்குநர் அறைக்கு ஓடினார். இயக்குநர் அதற்குள் பார்த்துவிட்டிருந்தார், முகம் பூரித்திருந்தது.

"ஒரே நாள்ல ரெண்டாயிரத்து ஐந்நூறு பேர் எழுதியிருக்காங்க, பார்த்தீங்களா? புதுத் தளத்தோட மகிமை!"

"சார், அது தேதி மாறிப்போச்சு. ஜனவரி ஆறு திங்கட்கிழமை. பார்க்க வர்றவங்களுக்கு வார விடுமுறை. கேட்டே பூட்டியிருந்துது."

"கேட் பூட்டியிருந்தும் வந்திருக்காங்கன்னா பாருங்களேன்!"

அக்கா பழைய கணினியைக் கேட்டார். அதிலிருந்து சரியான தேதிகளை மறுபடி எடுத்துவிடலாம் என்று எண்ணம். அது முந்தின நாள் சாயங்காலம் தொடக்க விழா முடிந்த கையோடு பழைய சாமான் வண்டியில் ஏறிவிட்டது. நவீனமயம் ஆகிறோம் என்பதற்கு அடையாளமாக, அதை ஏற்றும்போது இயக்குநர் பக்கத்தில் நின்று படம் வேறு எடுத்துக்கொண்டிருந்தார். "தொடக்க விழா முடிஞ்சாச்சு. இப்பப் போய்த் தப்புன்னா நல்லாவா இருக்கும்? காதும் காதும் வச்ச மாதிரி மெதுவா திருத்திக்கோங்க" என்று அனுப்பிவைத்தார்.

மெதுவாகத் திருத்தத் தலைமை அலுவலகம் விடவில்லை. பன்னிரண்டு வருடமாக யாரும் படிக்காத குறிப்பேட்டை, பளபளவென்று புதுசாக இருக்கிறதே என்று அங்கே யாரோ படித்துத் தொலைத்துவிட்டார்கள். பிப்ரவரியில் கடிதம் வந்தது. மார்ச் மாதம் இறந்ததாகக் காட்டப்பட்ட ஒட்டகச்சிவிங்கியை ஏப்ரல் முதல் டிசம்பர் வரை பொதுமக்கள் கண்டு மகிழ்ந்ததற்குக் கணினிப் பதிவு உள்ளது. அதுவும் ஒவ்வொரு மாதமும் முதல் மூன்று தேதிகளில் மட்டுமே கண்டிருக்கிறார்கள். ஆகவே காப்பாளர் விலங்கை வேறெங்கோ மறைத்துவைத்து, மாதத்தில் மூன்று நாள் மட்டும் கொண்டுவந்து காட்டியிருக்கிறார் என்று தெரிகிறது. விலங்கு இப்போது எங்கே?

பதினெட்டடி உயர விலங்கை மாதாமாதம் யார் கண்ணிலும் படாமல் தெருவழியே ஓட்டி வருவது எப்படி என்று கடிதம் எழுதியவர் யோசிக்கவில்லை. ஜனவரிக் குறிப்புகள் எல்லாம் ஒன்றாம் தேதிகளாகவும், பிப்ரவரியுடையவை இரண்டாம் தேதிகளாகவும், மார்ச்சில் எழுதியவை மூன்றாம் தேதிகளாகவும் மாறியிருப்பது அக்காவுக்குப் பார்த்தவுடனே புரிந்தது. ஆனால் சம்பந்தி அன்று மாலையே தற்காலிகப் பணி நீக்கம். ஜூன் கடைசியில் ஓய்வு பெற வேண்டியவர். குற்றம் உறுதியானால், நாற்பது வருடம் வேலை பார்த்த மனுஷன் விலங்கு திருடன் என்ற பட்டத்தோடு வீட்டுக்குப் போக வேண்டும்.

விசாரணை அதிகாரி ஒருவர் தலைமை அலுவலகத்திலிருந்து வந்தார். சம்பந்தி, "புதைச்சாச்சுங்க" என்றார். எங்கே என்று காட்டினார். அந்த இடத்தில் இப்போது வாகன நிறுத்தம். சிவப்புக் கல் பாவி, இயக்குநர் பெயர் பொறித்த பலகையோடு. தோண்டிப் பார்ப்போமே என்று அதிகாரி இழுத்தபோது, இயக்குநர், "போன மாசம்தான் சார் திறந்தோம்" என்று நெளிந்தார். மருத்துவரின் சான்றைக் காட்டினால், "இது வெறும் பேப்பர்தானே. கம்ப்யூட்டர் வேற சொல்லுதே" என்றார் அதிகாரி.

அக்காவுக்கு அன்று இரவு சோறு இறங்கவில்லை. சம்பந்தியைப் பிடிக்காதுதான். பிடிக்காது என்பதற்காக ஒரு மனுஷனைத் திருடனாக்கிவிட்டு அவர் பேரனையே மடியில் வைத்துக் கொஞ்ச முடியுமா? ஞாயிற்றுக்கிழமை மகள் வீட்டுக்குப் போனார். சம்பந்தி சமையலறை மேஜையில் உட்கார்ந்து தட்டில் விரலால் கோடு போட்டுக்கொண்டிருந்தார். மகள் முகம் வீங்கியிருந்தது.

"சம்பந்தி, தப்பு என்னுது. கேட்ட கேள்வியைப் படிக்காம பொத்தானை அமுக்கிட்டேன்."

அவர் ஏதாவது சொல்லித் திட்டுவார் என்று அக்கா எதிர்பார்த்தார். திட்டியிருந்தால் தேவலை என்றிருந்தது.

"அந்தப் பொத்தானை மறுபடி அமுக்க முடியாதா சம்பந்திம்மா?" என்று கேட்டார் அவர்.

"முடியாது. ஒவ்வொண்ணாத்தான் திருத்தணும். நாளும் மாசமும் இடம் மாறினதைத் திருப்பிப் போட்டுடுவேன். ஜனவரி ஆறுன்னு விழுந்ததுக்குத்தான் வழி தெரியல. என்ன எழுதியிருக்காங்கன்னு படிச்சுத்தான் கண்டுபிடிக்கணும். கரடிக்குப் பல்லு பிடுங்கினாங்கன்னு ஒருத்தர் எழுதியிருக்கார், அது எப்போ?"

"ஆகஸ்ட் பத்தொன்பது. அஞ்சு வருஷம் முன்னால. டாக்டர் கையைக் கடிச்சிடுச்சு" என்றார் சம்பந்தி, யோசிக்காமல்.

"நீர்யானைக் குட்டி வாழைப்பழத்தோலைத் துப்பிச்சுன்னு..."

"அது பிறந்து மூணாவது மாசம். ஏப்ரல் கடைசி. இருபத்தாறு."

அக்கா வாயைப் பிளந்துவிட்டார். தன் பேரன் பிறந்தநாளையே மகனிடம் கேட்டுத் தெரிந்துகொள்கிற மனுஷன் இவர். மிருகங்கள் விஷயத்தில் ஒரு நாள் பிசகவில்லை. எந்தக் கிளி எப்போது பேச ஆரம்பித்தது, எந்தக் குரங்கு எந்த மழையில் தப்பித்துப் போனது, எல்லாம் மண்டைக்குள் வரிசையாக இருந்தது. அதற்கப்புறம் ஒரு மாதம் தினமும் சாயங்காலம் மகள் வீட்டுச் சமையலறை மேஜைதான் அலுவலகம். அக்கா படிக்க, சம்பந்தி தேதி சொல்ல, அக்கா தட்டினார். இடையிடையே, "உக்காந்து தட்டறது இடுப்பு ஒடியற வேலைதான் போல" என்று அவர் ஒப்புக்கொண்டதை அக்கா கேட்காத மாதிரி ரசித்துக்கொண்டார். இரண்டாயிரத்து ஐந்நூறில் ஒன்பது தவிர அத்தனையும் நாள் கிடைத்துவிட்டது.

அக்கா தலை நிமிர்ந்து விசாரணை அறைக்குள் போனார். திருத்திய குறிப்பேட்டை அதிகாரி முன் வைத்தார். அதிகாரி கண்ணாடியை ஏற்றி இறக்கிப் பார்த்தார். ஒவ்வொரு குறிப்புக்குக் கீழேயும் புதுத் தளம் பொடி எழுத்தில் ஒன்று எழுதியிருந்தது: திருத்தியவர் இன்னார், திருத்திய நாள் இன்னது.

"இதெல்லாம் நீங்க கை வச்சதா?"

"ஆமா சார். தப்பா இருந்ததைச் சரி பண்ணியிருக்கேன்."

"குற்றம் சாட்டப்பட்டவருக்கு நீங்க என்ன உறவு?"

"சம்பந்தி" என்றார் அக்கா. சொல்லும்போதே குரல் உள்ளே போய்விட்டது.

அதிகாரி சாய்ந்து உட்கார்ந்தார். மறுநாளே உத்தரவு வந்தது. அசல் கணினிப் பதிவில் உறவினர் கைவைத்திருப்பது மிகக் கடுமையான முறைகேடு. ஏழு நாட்களுக்குள் தவறான தேதிகள் அனைத்தையும் முன்பிருந்தபடியே பிழையின்றி மீண்டும் உள்ளிட வேண்டும். அதன் பிறகு யாரும் எதையும் திருத்தக் கூடாது.

சிரிப்பதா அழுவதா என்று அக்காவுக்குத் தெரியவில்லை. ஒரு மாதம் முட்டி மோதித் திருத்தியதை எல்லாம் ஒரு வாரம் உட்கார்ந்து பத்திரமாகத் தப்பாக்கினார். ஒரு தப்பைக்கூடத் தப்பாகத் தட்டிவிடக் கூடாதே என்று பக்கத்து மேஜை குமாஸ்தாவை வேறு சரிபார்க்க உட்கார்த்திவைத்தார். கரடியின் பல் மறுபடியும் ஜனவரி ஆறாம் தேதி பிடுங்கப்பட்டது. நெட்டச்சி மறுபடியும் டிசம்பரில் நின்று தொப்பி தின்றாள். மகள் ஃபோனில் அழுதாள். "மாமா சாப்பிடவே மாட்டேங்கறாரும்மா. வாசல்ல போய் நின்னுக்கிட்டு ரோட்டையே பார்க்கறாரு. என்னன்னு கேட்டா ஒண்ணுமில்லங்கறாரு."

திருத்தக் கூடாது என்றுதான் உத்தரவு. படிக்கக் கூடாது என்று இல்லை. அந்த வாரக் கடைசியில், போன வருடத்துக் குறிப்புகளைத் தப்பாக்கிக்கொண்டே வந்தபோது, முன்பு அவசரத்தில் நாளையும் மாதத்தையும் மட்டும் திருப்பிவிட்டுத் தாண்டிப் போன ஒன்றில் அக்காவின் கண் நின்றது. இரண்டு தரம் படித்தார். பிறகு எழுந்து போய் அலமாரியில் ஒரு ஃபைலைத் தேடி எடுத்தார். அதில் ஒரு கடிதத்தைப் பார்த்ததும், "அடப்பாவி மனுஷா!" என்று வாய்விட்டே சொல்லிவிட்டார். குமாஸ்தா திரும்பிப் பார்த்தார்.

கடைசி விசாரணை ஜூன் மாதம் இரண்டாம் வாரத்தில். அறையில் விசாரணை அதிகாரி, இயக்குநர், சுவரோரமாகச் சம்பந்தி. அக்கா கையில் ஒரே ஒரு தாள்.

"சார், நீங்க சொன்னபடி எல்லாத் தேதியும் பழையபடி தப்பா... மன்னிக்கணும், அசலா வச்சுட்டேன். ஒண்ணே ஒண்ணு மட்டும் அப்படியே இருக்கட்டுமான்னு கேட்டுக்கலாம்னு வந்தேன்."

"ஒண்ணையும் தொடக் கூடாதுன்னு சொல்லியாச்சே."

"தொடல சார். படிக்கறேன். தேதி, போன வருஷம் செப்டம்பர் ஆறு. 'ஞாயிற்றுக்கிழமை விடுமுறையைப் பேரனுடன் கழிக்க வந்தோம். ஒட்டகச்சிவிங்கிக் கூண்டில் இறந்துவிட்டது என்ற பலகை மட்டுமே உள்ளது. பேரன் அழுதான். உடனடி நடவடிக்கை தேவை.' கீழ பெயரும் முழுப் பதவியும் இருக்கு சார். உங்க பதவி."

பெயர் எழுதினால் பதவியையும் சேர்த்து எழுதாமல் கை நிற்காத இனம் ஒன்று உண்டு. அதிகாரி அந்த இனம். அவர் முகம் பேயறைந்தது போல ஆனது.

"செப்டம்பர் ஒண்ணுலருந்து பத்து வரைக்கும் நீங்க இங்க ஆய்வுக்கு வர்றதா இருந்துது" என்று அக்கா நிதானமாகத் தொடர்ந்தார். "முதுகு வலி, படுத்த படுக்கை, மருத்துவ விடுப்புன்னு கடிதம் வந்துது. நான்தான் ஃபைல்ல வச்சேன். இந்தத் தேதி அசல்தான்னா, படுக்கையில இருந்தவர் பேரனைக் கூட்டிக்கிட்டு இங்க சுத்தியிருக்கார்னு ஆகுது. அதுவும் செப்டம்பர் ஆறு வெள்ளிக்கிழமை."

இயக்குநர் சன்னல் வழியாக வெளியே எதையோ மிகக் கவனமாகப் பார்க்க ஆரம்பித்தார். அதிகாரி தம்ளரில் இருந்த தண்ணீரை ஒரே மூச்சில் குடித்தார்.

"அது... ஜூன் ஒன்பது. ஞாயித்துக்கிழமை. எனக்கு நல்லா ஞாபகம் இருக்கு" என்றார். "தேதி மாறியிருக்கு. நாளும் மாசமும் இடம் மாறியிருக்கு."

"அப்படித்தான் சார் நானும் நாலு மாசமா சொல்றேன். ஜூன் ஒன்பதுன்னா, அப்பவே கூண்டு காலியா இருந்ததை நீங்களே பார்த்திருக்கீங்க."

பிறகு அதிகாரி பேனாவை எடுத்தார். அரசாங்கக் காரியம் இவ்வளவு விறுவிறுப்பாக நடந்து அக்கா தன் இருபத்தொன்பது வருடத்தில் பார்த்ததில்லை. அரை மணி நேரத்தில் உத்தரவு தயார். கணினிப் பதிவில் தேதிகள் பிறழ்ந்துள்ளமை விசாரணை அதிகாரியின் நுண்ணிய ஆய்வில் கண்டறியப்பட்டது. காப்பாளர் மீதான குற்றச்சாட்டு கைவிடப்படுகிறது. கவனக்குறைவுக்காக வலைத்தளப் பொறுப்பாளர் எச்சரிக்கப்படுகிறார். குறிப்பேடு உடனடியாக மூடப்படுகிறது. மேற்படி விலங்கு மார்ச் இருபதாம் தேதி இறந்ததாக ஏற்றுக்கொள்ளப்படுகிறது.

எச்சரிக்கை கிடக்கட்டும், போகட்டும் என்று அக்காவுக்கு நெஞ்சு குளிர்ந்துவிட்டது. வெளியே வராந்தாவில் பெஞ்சில் உட்கார்ந்து, கண்ணாடி கொண்டுவராத சம்பந்திக்கு உத்தரவை வரிவரியாகப் படித்துக்காட்டினார். "நுண்ணிய ஆய்வு" வந்த இடத்தில் ஒரு தரம் நிறுத்திச் சிரித்துவிட்டுத் தொடர்ந்தார். படித்து முடித்து நிமிர்ந்தால், அவர் சிரிக்கவில்லை. உத்தரவு இருந்த கையையே பார்த்துக்கொண்டிருந்தார்.

"அந்தக் கடைசி வரியை மறுபடி படிங்க சம்பந்திம்மா."

அக்கா மறுபடி படித்தார்.

"அப்ப அவ செத்துட்டாதான், இல்ல?"

"என்ன சம்பந்தி இப்படிக் கேக்கறீங்க? நீங்கதானே புதைச்சீங்க!"

"என் கையாலதான் மண்ணைத் தள்ளினேன்." அவர் மூக்கை உறிஞ்சினார். "தெரியாமலா இருக்கேன்? ஆனா அத்தனை பேரு பார்த்தோம் பார்த்தோம்னு எழுதியிருந்தாங்களே. அக்டோபர்ல பார்த்தேன், டிசம்பர்ல பார்த்தேன், தொப்பியைத் தின்னாள்னு... பெரிய ஆபீசே கடிதம் போட்டுக் கேக்குது, அவ எங்கன்னு. கேக்கக் கேக்க எனக்கே ஒரு நப்பாசை வந்துடுச்சு. நம்மகிட்டச் சொல்லாம எங்கயோ இருக்காளோ, ஒண்ணாந்தேதி வந்து நிப்பாளோன்னு. வாசல்லயே நின்னேன், தெரியுமா?"

மகள் ஃபோனில் சொன்னது அப்போதுதான் அக்காவுக்கு விளங்கியது. பொய் சொல்லலாமா என்றுகூட ஒரு கணம் தோன்றியது.

"மார்ச் இருபதுதான் சம்பந்தி" என்றார் மெல்ல.

"ஆமா" என்றார் அவர். "காலையில ஆறேகால் இருக்கும். தண்ணி காட்டினேன், குடிக்கல." அதற்கு மேல் பேச முடியாமல் முகத்தைத் துண்டில் புதைத்துக்கொண்டு அழுதார். அக்கா உத்தரவை மடித்து மடியில் வைத்துக்கொண்டு, அவர் அழுது முடிக்கும் வரை பக்கத்திலேயே உட்கார்ந்திருந்தார்.